ஒரே தியேட்டர்... வேற வேற படம்!

"மொக்கை!"

நண்பர்களே, இந்த ஒரே ஒரு வார்த்தைக்காக என் ரூம்மேட் என்னிடம் 38 நாள் பேசவில்லை.

போன பொங்கலுக்கு வந்த பெரிய ஹீரோ படம். (பெயர் வேண்டாம். இந்த மலர் கை மாறிக் கை மாறி ஹாஸ்டல் முழுக்கப் போகும். எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கிறது.) முதல் நாள் காலை 9 மணிக் காட்சி. ரெண்டு டிக்கெட்டையும் எடுத்தவன் ரூம்மேட்தான். ஹாஸ்டல் வழக்கப்படி ஊர் பேரைச் சொல்லியே கூப்பிடுவோம், அதனால் இங்கேயும் அவன் 'ராஜபாளையம்'. படம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வரும்போது, "எப்படிடா மாப்ள?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்!

மறுநாள் மெஷின் ஷாப். நானும் அவனும் ஒரே பேட்ச், ஒரே லேத். வெர்னியரைக் கேட்டால் கையில் தர மாட்டான், பெட் மேலே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வான். ஜாப்பின் டயாமீட்டரைக்கூட இன்னொருத்தன் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினான். ஒரு சினிமாவுக்காக இவ்வளவா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. பத்து நாள் கழித்துத்தான் நம்ம கேட்டரிங் செட் பையன் ஒருத்தன் விஷயத்தைச் சொன்னான். அந்த ரெண்டு டிக்கெட்டுக்காக ராஜபாளையம் மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். ஒரு டிக்கெட் அவனுக்கு, இன்னொன்று எனக்கு.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரே திரையை, ஒரே நேரத்தில் பார்த்த ரெண்டு பேருக்கு எப்படி ரெண்டு படம் தெரிந்தது? வீட்டில் அப்பா, பெரியப்பா, அப்பத்தாவை எல்லாம் கேட்டேன், கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிப்ளமோ படிப்பவன் எழுதுவதால் அங்கங்கே டிகிரி, அடி, பிரேம் எல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உட்காருகிற இடம். இதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். திரையின் அகலம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பெஞ்சுக்காரன் 4 மீட்டரில் உட்காருகிறான். திரையின் பாதி அகலம் 6, தூரம் 4, டேன் டேபிளைப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 56 டிகிரி சொச்சம். ரெண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் 113 டிகிரி! 30 மீட்டர் தள்ளி பால்கனியில் இருப்பவனுக்கு அதே திரை வெறும் 23 டிகிரிதான். முன்னால் இருப்பவன் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்து ஹீரோவைப் பார்க்கிறான், வேறு எதுவும் அவன் கண்ணில் படாது. பால்கனிக்காரனுக்கு ஹீரோவும் தெரிகிறார், பக்கத்துச் சுவரில் சிவப்பாக எரிகிற 'வெளியே செல்லும் வழி' விளக்கும் தெரிகிறது. முன்னால் இருப்பவன் விசில் அடிக்கிறான், பின்னால் இருப்பவன் லாஜிக் பேசுகிறான் என்றால் குணம் ஒரு பங்கு, கோணம் ஒரு பங்கு.

சத்தமும் அப்படித்தான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டரில் இருப்பவனுக்குத் திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்து சேர ஏறக்குறைய 0.09 விநாடி ஆகிறது. படம் விநாடிக்கு 24 பிரேம், ஆக ஒரு பிரேமுக்கு 0.04 விநாடி சொச்சம். அதாவது ஹீரோ அடித்து ரெண்டு பிரேம் ஆன பிறகுதான் கடைசி வரிசைக்காரனுக்கு அந்த அடி காதில் விழுகிறது. பெரிய வித்தியாசம் இல்லைதான். இருந்தாலும் ஒரே அடியை நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கவில்லை என்பது நிஜம்!

இன்னொரு விஷயம் இருக்கிறது, மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது இனிக்கும். பிலிம் இருந்த காலத்து புரொஜெக்டருக்குள் இருந்தது நமக்குத் தெரிந்த ஜெனீவா வீல்தான். நாலு வெட்டு உள்ள சக்கரம். பின் ஒரு சுற்று வந்தால் சக்கரம் கால் சுற்று நகரும், மீதி நேரம் அசையாமல் நிற்கும். அந்த நகர்வில் ஒரு பிரேம் கீழே இறங்கும், நிற்கும் நேரத்தில் வெளிச்சம் அதன் வழியாகத் திரைக்குப் போகும். பிலிம் நகர்வது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க ஒரு ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும். படம் நடுங்காமல் இருக்க, நின்றுகொண்டிருக்கும் பிரேமையும் நடுவில் ஒரு தடவை மறைக்கும். மொத்தத்தில் பாதி நேரம் திரையில் இருட்டுதான். இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறத்தாழ ஒண்ணேகால் மணி நேரம் அந்தக் காலத்துச் சனங்கள் இருட்டைப் பார்த்திருக்கிறார்கள், கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. இன்றைய டிஜிட்டல் புரொஜெக்டரில் இந்தச் சக்கரமும் இல்லை, இந்த ஷட்டரும் இல்லை. ஆனால் படத்தில் பாதியைப் பார்ப்பவனே நிரப்பிக்கொள்கிறான் என்பது மட்டும் மாறவில்லை என்று நான் நினைக்கிறேன். இது ஸ்டாஃப் யாரும் நடத்தியது இல்லை, என் சொந்தச் சரக்கு.

நம் ஆட்களுக்கும் சினிமாவுக்கும் சம்பந்தம் ரொம்பப் பழசு, தெரியுமா? தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டின சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சி ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். நம்மை மாதிரி டிராயிங் போர்டு முன்னால் நின்றவர்! 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, கூடாரம் போட்டுக் காட்டக் கிளம்பினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரே கட்டினார். மதுரையில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேல் இருக்கைகள். இப்போது அந்தத் தியேட்டர் இல்லை. எங்கள் அப்பத்தா அதற்குள் ரெண்டு முறை போயிருக்கிறது, "உள்ளே போனா கோயில் பிரகாரம் மாதிரி இருக்கும்" என்று சொல்லும்.

ஆனால் அப்பத்தா அதிகம் பார்த்தது டூரிங் கொட்டகையில்தான். மண் தரை. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தட்டி. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மண்ணைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்துகொள்வார்களாம். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாக மேடு கட்டுவார். அங்கே ஆரம்பிக்கும் சண்டை! ஒரு படத்துக்கு மூணு இடைவேளை, சில நாள் நாலு. காரணம் என்ன? புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, நாலு கிலோமீட்டருக்கும் மேல்! ரெண்டு மெஷின் இருந்தால் ஒன்று முடிய மற்றது தொடங்கும். ஒரே மெஷின் என்றால் ரீல் மாற்ற நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால் முறுக்கு, கோலி சோடா, அரட்டை. "யாரு கொன்னிருப்பா?" என்று அந்த இடைவேளையில் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். ஆக ஒரு படத்தைப் பற்றி அவர்கள் மூணு தடவை கருத்தை மாற்றிக்கொள்ள வசதி இருந்தது. நமக்கு ஒரே இடைவேளை, அதிலும் பாதி நேரம் பாப்கார்ன் வரிசையில் போய்விடுகிறது.

இந்த ரீல் விஷயத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு பங்கு உண்டு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஒரு வருஷம் படப்பெட்டி தூக்கினார். எங்கள் ஊர்த் தியேட்டரும் பக்கத்து ஊர்த் தியேட்டரும் ஒரே பிரிண்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே முதல் ரீல்கள் ஓடி முடிந்ததும் பெட்டியில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டி, ஆறு கிலோமீட்டர் மிதித்து அங்கே கொடுக்க வேண்டும். அங்கே ஓடியதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வழியில் பஞ்சர் ஆனால் அந்த ஊர் சனம் அப்பாவை வம்சத்தோடு சேர்த்துத் திட்டும். அதனால் என்ன ஆச்சு என்றால், அந்த வருஷம் வந்த எந்தப் படத்தையும் அப்பா முழுசாகப் பார்த்ததில்லை. ஆரம்பம் தெரியும், சண்டை தெரியும், நடுவில் காணோம். பாதிப் படத்தை வைத்துக்கொண்டு முழுச் சண்டை போட்ட ரசிகர் எங்கள் அப்பா!

யாரோடு சண்டை? பெரியப்பாவோடுதான்.

1991 நவம்பர் 5, தீபாவளி. ஒரே நாளில் 'தளபதி'யும் 'குணா'வும் வந்தன. அப்பா ரஜினி, பெரியப்பா கமல். பெரியப்பா அப்போது மதுரையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையோடு முதல் நாளே 'குணா' பார்த்துவிட்டு ஊருக்கு வந்தார். எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வர அப்போது மூணு மாசம் ஆகும். விநியோகக்காரர்கள் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரிய நகரம் ஏ, நாங்கள் சி. அதனால் படம் வருவதற்கு முன்னாலேயே அதைப் பற்றிய கருத்து பஸ் ஏறி வந்துவிடும்! பெரியப்பா வந்து, "குகைக்குள்ள படம் எடுத்திருக்கான்டா, இந்த மாதிரி ஒண்ணை நீ பார்த்திருக்கவே மாட்டே" என்றார். அப்பா 'தளபதி'யையும் பார்க்கவில்லை, 'குணா'வையும் பார்க்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. "பண்டிகை நாளும் அதுவுமா பைத்தியக்காரன் கதையா?" என்று கேட்டுவிட்டார். அந்தத் தீபாவளி இலையில் ரெண்டு பேரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள் என்று அப்பத்தா இப்போதும் சொல்லிச் சிரிக்கும்.

இதில் அப்பா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, நான் யோசித்துப் பார்த்தேன். நட்புக்காக உயிரைக் கொடுக்கும் கர்ணன் கதையைத் தலைகீழாக்கி, ஜனங்கள் விசில் அடிக்க இடம் விட்டு எடுத்த படம் 'தளபதி'. 'குணா'வில் மனநிலை பாதித்த ஒருவன் ஒரு பெண்ணை அபிராமி என்று நம்பித் தூக்கிக்கொண்டு போகிறான், கடைசியில் ரெண்டு பேருமே மிஞ்சவில்லை. ரெண்டுக்கும் இசை இளையராஜாதான். ஆனால் காலையில் வெடி வெடித்துவிட்டு வந்த கூட்டத்துக்கு எது ஒட்டும்? 'குணா' அப்போது எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றுவிட்டு, டி.வி.யில் போடப் போட வீட்டுக்கு வீடு ஜெயித்தது. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தைக் குழப்பம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! 2021 டிசம்பர் 31-இல் அதையே மறுபடி தியேட்டரில் போட்டபோது போய்க் கத்தினவர்கள் எத்தனை பேர்! பண்டிகைக்குப் போகிறவன் ஒரு படத்தை மனசில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறான். திரையில் ஓடும் படம் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் "மொக்கை". (நான் சொன்ன வார்த்தைதான்.) 'பராசக்தி'யும் தீபாவளிப் படம்தானே, அதில் அழுகை இல்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் தியரியில் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

'குணா' கதை அதோடு முடியவில்லை. படம் எடுத்த கொடைக்கானல் குகைக்கே 'குணா குகை' என்று பெயர் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் அந்தக் குகைக்குள் ஒருவன் விழுவதைப் பற்றி 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. தமிழ்நாட்டில் சக்கைப் போடு போட்டது. 'குணா'வின் அந்தக் கடிதப் பாட்டு அதில் வரும் இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது. பெரியப்பாவை அவர் மகன் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பாட்டு ஓடும்போதே பெரியப்பா அப்பாவுக்குப் போன் போட்டு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாராம். "கேட்டியாடா சத்தத்தை? முப்பத்திரண்டு வருஷம் கழிச்சுக் கை தட்றாங்கடா!" நான் அப்போது அப்பா பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பாட்டு நல்லாருக்குன்னு நான் அப்பவே சொன்னேனே!" சொல்லவே இல்லை என்று அப்பத்தா உள்ளேயிருந்து குரல் கொடுத்தது.

அப்பத்தா எம்.ஜி.ஆர். கட்சி. தாத்தா சிவாஜி. 1964 பொங்கலன்று 'வேட்டைக்காரன்', 'கர்ணன்' ரெண்டும் ஒரே நாளில் வந்தன. அப்பத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு, அது பார்த்தது 'வேட்டைக்காரன்'. கல்யாணம் ஆகி வந்த பிறகும் தாத்தாவோடு சிவாஜி படத்துக்குப் போனால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுமாம். ஏன் அப்பத்தா என்று கேட்டேன். "நாள் பூராவும் களை எடுத்துட்டு வர்றோம். அங்கேயும் போயி அழுகவா? எங்க ஆளு அழுதா நாங்க யாரைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கிறது?" என்றது. தாத்தா இருந்திருந்தால், "அழத் தெரிஞ்சவன்தாண்டா நடிகன்" என்று சொல்லியிருப்பார். 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரும்ப வந்து நூறு நாளைத் தாண்டியபோது அவர் இல்லை. ஒருத்தருக்கு சினிமா தெம்பு தர வேண்டும், இன்னொருத்தருக்கு உள்ளே கிடக்கிற துக்கத்தை வெளியே இறக்கித் தர வேண்டும். இதில் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது? நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும்.

ரசிகர்களுக்குப் பயந்து முடிவையே மாற்றின கதையும் உண்டு. 1998-இல் கேரளத்தில் வந்த 'ஹரிகிருஷ்ணன்ஸ்' படத்தில் மம்முட்டி, மோகன்லால் ரெண்டு பேரும் ஒரே பெண்ணை விரும்புவார்கள். அவள் யாருக்குக் கிடைப்பாள்? ஒரு பிரிண்ட்டில் இவருக்கு, இன்னொரு பிரிண்ட்டில் அவருக்கு! எந்தத் தியேட்டருக்கு எந்தப் பெட்டி போகிறது என்பதைப் பொறுத்து முடிவு. அப்பா மட்டும் அங்கே பெட்டி தூக்கியிருந்தால் பெரிய குழப்பம் ஆகியிருக்கும்.

'ஓடுவது' என்ற வார்த்தையின் அர்த்தமும் மாறிவிட்டது. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. அப்புறம் 100 நாள், 25 வாரம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். அதாவது ஒரு படம் நல்லதா கெட்டதா என்று சனங்கள் பேசி முடிக்க மாசக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. 2005-க்குப் பிறகு சென்னையில் உருவான 'க்யூப்' மாதிரி டிஜிட்டல் முறைகள் வந்தன, பத்து வருஷத்துக்குள் படப்பெட்டியே ஒழிந்தது. இன்று மதுரைக்கும் எங்கள் சி சென்டருக்கும் ஒரே நாளில், ஒரே மணிக்குப் படம் வருகிறது. எனக்கு இதில் சந்தோஷம்தான், மூணு மாசம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் மூணு நாளில் வசூல் பண்ணியாக வேண்டும். முதல் காட்சி இடைவேளையிலேயே தீர்ப்பு வெளியே வந்துவிடுகிறது. நாலு வாரம் போனால் பல படங்கள் கையில் இருக்கும் போனுக்கே வந்துவிடுகின்றன. 'குணா' மாதிரி ஒரு படம் இன்று வந்தால் மதியக் காட்சிக்குத் தாங்குமா?

கருத்து வேறுபாடு வீட்டுக்குள் இருக்கும்வரை சிரிப்புதான். வெளியே போனால் அப்படி இல்லை. எம்.ஜி.ஆர். 1972-இல் தனிக்கட்சி தொடங்கியபோது அவருக்கு முதல் படையாக நின்றவை ரசிகர் மன்றங்கள். அந்த அளவுக்கு அது ஒரு பலம். ரத்த தானம், நோட்டுப் புத்தகம் என்று நல்லதும் செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அஜித்குமார் 2011-இல் தன் மன்றங்களைக் கலைத்தே விட்டார். அப்படியும் 2014 பொங்கலுக்கு 'வீரம்'-'ஜில்லா', 2023 பொங்கலுக்கு 'துணிவு'-'வாரிசு' ஒரே நாளில் வந்தபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2023 ஜனவரி 11, நள்ளிரவு தாண்டிப் போட்ட சிறப்புக் காட்சிக்கு வந்த ஒரு ரசிகர், சென்னையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லாரி மேல் ஏறி ஆடி, குதிக்கும்போது அடிபட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் அந்த அகால நேரக் காட்சிகள் நின்றன. அவருக்கும் ஏறக்குறைய நம் வயசுதான். அந்தப் படம் நல்லாயிருக்கா இல்லையா என்று சண்டை போட இனி அவர் இல்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் பத்தாவது. அப்பா அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இனிமே முதல் நாள் கிதல் நாள்னு கிளம்பினே, காலை உடைப்பேன்" என்றார். ராஜபாளையத்தோடு நான் போனது அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இந்த மலரை வீட்டுக்குக் கொண்டு போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக என் விஷயம் ஒன்று. சொல்லலாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன்.

முதல் வருஷம், ஹாஸ்டலில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. சீனியர் ஒருவர் லேப்டாப்பில் 'பரியேறும் பெருமாள்' போட்டார். மாரி செல்வராஜ் இயக்கி 2018-இல் வந்த படம். பதினைந்து பேர் ஒரு ரூமில். சட்டக் கல்லூரி வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், பரியன் ஒன்றும் புரியாமல் திணறுவான். ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்படிதான் எடுத்திருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இங்கே சேர்ந்த முதல் மாசம் போர்டில் எழுதுவதைப் படம் வரைகிற மாதிரி அப்படியே வரைந்துகொண்டு போனவன் நான். எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது, ஹால் டிக்கெட்டையே அப்பா தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்து நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். படம் முடிந்தது. கடைசியில் மேஜை மேல் ரெண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ, அவ்வளவுதான். "முடிஞ்சுதா? சண்டையே இல்லை!" என்று ஒருத்தன் எழுந்து லைட்டைப் போட்டான். ஒருத்தன், "ஸ்லோடா" என்றான். இன்னொருத்தன், "அந்த நாய் சீன் சூப்பர்" என்றான். யாரோ ஒருத்தன், "மொக்கை" என்றான்.

எனக்கு அவனை அடிக்கத் தோன்றியது. நிஜமாகவே கை முறுக்கியது. அது மாரி செல்வராஜைச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை, என்னையும் எங்கள் அப்பாவையும் சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு என்னைப் பார்த்து ஒன்றும் கேட்காமல், ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தவன் யார் தெரியுமா? ராஜபாளையம்தான். அவனுக்கும் அந்தப் படம் பிடிக்கவில்லை, அப்புறம் ஒரு நாள் சொன்னான். ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

இது எல்லாம் எனக்கு எப்போது ஞாபகம் வந்தது? கேட்டரிங் பையன் பந்தி பரிமாறின கதையைச் சொன்ன அன்றைக்கு. ராஜபாளையத்தின் அப்பா வெளியூரில் செக்யூரிட்டி வேலை. வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார், வந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு போவது இந்த ஹீரோ படத்துக்குத்தான். இந்தப் பொங்கலுக்கு அவரால் வர முடியவில்லை. அந்த சீட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது வெறும் 23 டிகிரிப் படம். அவன் எவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தான் என்று நான் எந்த டேபிளில் பார்ப்பது?

38-ஆவது நாள் மெஷின் ஷாப்பில் ஸ்டெப் டர்னிங். நான் அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டேன். ஜாப் போச்சு. ராஜபாளையம் வெர்னியரை எடுத்து அளந்து பார்த்தான். பெட் மேலே வைக்காமல் என் கையிலேயே கொடுத்தான்.

"மொக்கை" என்றான்.

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இன்ஸ்ட்ரக்டர் திரும்பிப் பார்த்தார். அந்தப் படத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை, இப்போதும் அதேதான். அவனுக்கும் மாறவில்லை. அடுத்து தீபாவளிக்கு அவன் ஆள் படம் வருகிறதாம், அவன் அப்பாவும் வருகிறார். மூணு டிக்கெட், இந்தத் தடவை என் செலவு. ரெண்டு ஞாயிறு நானும் பந்திக்குப் போய்விட்டு வந்தேன், சாம்பார் வாளி என்ன கனம் கனக்கிறது! ராஜபாளையம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறான். படம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டுகிறவரை நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.